ஐந்தாவது எட்டில் விழுந்தவன்

சம்மட்டியை நான் முதன்முதலில் பார்த்தபோது அவன் ஒரு ஆளை அடித்துக்கொண்டிருந்தான். என் ஸ்கூட்டரின் பின்சக்கரம் பஞ்சர். அரை மணி நேரம் வெயிலில் தள்ளிக்கொண்டு போய் அந்த டயர் கடை வாசலில் நிறுத்தினேன். உள்ளே ஒரு லாரி கிளீனரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாய்த்து மூன்று அறை விட்டான். அவசரமே இல்லை. ஆணி அடிப்பவனைப்போல ஒவ்வொன்றாக, இடம் பார்த்து அடித்தான். கிளீனர் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினான். இவன் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"டியூபா, டியூப்லெஸ்ஸா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்படியே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். காற்று இறங்கின வண்டியை வைத்துக்கொண்டு ரோஷம் பார்க்க முடியுமா? "டியூபு" என்றேன்.

கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காத சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே அவன் பாடினான். டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடியபடி, யாருக்கும் பாடவில்லை என்பதுபோலப் பாடினான். நான் தாளம் தட்டுகிறவள். ஜெராக்ஸ் கடை வேலை சோற்றுக்கு, டிரம் எனக்கு. குரல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவன் பாடியது, நாங்கள் அப்போது ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நாடகத்தின் பாட்டு. அந்தப் பாட்டைப் பாட ஆள் கிடைக்காமல்தான் எங்கள் குழு இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது.

அந்த இசைநாடகத்தைத் தெரியாத இளவட்டம் கிடையாது. ஒரு பள்ளிக்கூடம், இரண்டு ஷிப்ட். காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம், உட்காருவதென்னவோ ஒரே பெஞ்சு. காலை ஷிப்ட் பெண் பெஞ்சில் எழுதிவைத்துப் போவதற்கு மதிய ஷிப்ட் பையன் பதில் எழுதுகிறான். இரண்டு ஷிப்டுக்கும் ஆகவே ஆகாது. மணியடிக்கிற நேரத்தில் வாசலில் அடிதடி. காலைக் கூட்டத்தின் ரவுடி, அந்த மதியப் பையனிடம் அடிவாங்கி விழுகிறான். விழுந்த இடத்தில் படுத்தபடியே ஒரு பாட்டுப் பாடுகிறான். நாடகம் முழுக்கப் பதினெட்டுப் பாட்டு இருந்தாலும் ஜனங்கள் காத்திருப்பது அந்த ஒன்றுக்குத்தான்.

சம்மட்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டாயே என்று குழுவில் பாதிப்பேர் என்னைத் திட்டினார்கள். தப்பில்லை. அவனைப் பஸ் நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினோராம் வகுப்பில் வாத்தியாரின் மூக்கை உடைத்துவிட்டு அத்தோடு படிப்பை முடித்துக்கொண்டவன் அவன்.

அவன் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல முடியாது. கடை அவருடையது. கடையில் அவரை அப்பா என்று கூப்பிடக் கூடாது, முதலாளி என்றுதான் கூப்பிட வேண்டும். லாரி டயரை ரிம்மிலிருந்து கழற்ற லீவரை நுழைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள் இல்லையா, அந்த அடியைப் பத்து வயதில் மகனுக்குக் கற்றுக்கொடுத்தார். அடி பிசகினால் கையில் இருக்கிற சாமானால் மகனை அடிப்பார். கையில் டியூப் இருந்தால் மகனுக்கு அதிர்ஷ்டம், லீவர் இருந்தால் ஆஸ்பத்திரி. அவன் அம்மாவின் வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. சாப்பாட்டுத் தூக்கை இடது கையில்தான் கொண்டுவருவார். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள். இந்த வீட்டில் பாய்ந்தது தகப்பன், குட்டி பாய்ந்தது ஊர் மேல்.

எங்கள் ஒத்திகை ஒரு அச்சகத்தின் மாடியில் நடக்கும். இருபத்திரண்டு பேர். எல்லோரையும் மேய்ப்பவள் பல்லக்கா. பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை, வயது இருபத்தேழு, எங்களில் மூத்தவள். சண்டைக் காட்சியை அவள் எட்டு எட்டாக எண்ணி அமைப்பாள். ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணினால் ஒரு எட்டு. ரவுடி விழுவது ஐந்தாவது எட்டில்.

அவளிடம் இரண்டு சட்டம் உண்டு. முதல் சட்டம்: அடி, அடிக்கிறவனுக்குச் சொந்தமில்லை, வாங்குகிறவனுக்குச் சொந்தம். வாங்குகிறவன் ஒருமுறை கண்ணை இறுக்கி மூடித் திறக்க வேண்டும். அதுதான் அனுமதி. அதற்கு முன் கை கிளம்பக் கூடாது. கிளம்பினாலும் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் போகும். சத்தம் என் டிரம்மிலிருந்து வரும். கை இறங்க, குச்சி இறங்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் பல் கூசும்.

இரண்டாவது சட்டம்: யார் மேலாவது நிஜமாகவே அடி பட்டுவிட்டால், பட்டவர் "நிறுத்து" என்று கத்த வேண்டும். டிரம் நிற்கும். எல்லோரும் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார வேண்டும். அப்போதுதான் யாருக்கு என்ன ஆச்சு என்று தெரியும். பிறகு அதே எட்டிலிருந்து மறுபடி தொடங்குவோம். மேடையில் ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் இதே சட்டம்தான்.

சம்மட்டி இரண்டையும் கேட்டுத் தலையாட்டினான். தலையாட்டி முடித்து மூன்றாவது நிமிடத்தில் ஊசியின் பல்லை உடைத்தான்.

ஊசி எங்கள் கதாநாயகன். தையல் கடையில் காஜா எடுக்கிறவன், ஊதினால் பறந்துவிடுவான். அவன் கண்ணை மூடவே இல்லை. அதற்குள் சம்மட்டியின் கை போய்விட்டது. எலும்பில் எலும்பு மோதுகிற சத்தம் எந்த டிரம்மிலும் வராது. பல் தெறித்து என் டிரம் தோல் மேல் விழுந்து 'டிக்' என்றது. அதுவும் தாளத்தில்தான் விழுந்தது, கர்மம்.

"நிறுத்து!" என்று வாயைப் பொத்திக்கொண்டே கத்தினான் ஊசி. விரல் இடுக்கில் ரத்தம். எல்லோரும் பொத்தென்று உட்கார்ந்தோம். சம்மட்டி மட்டும் நின்றான். முஷ்டியில் வேறொருத்தன் ரத்தத்தோடு எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"எதுக்கு எல்லாரும் உக்கார்றீங்க? எவனாவது எந்திரிச்சு என்னைத் திருப்பி அடிங்களேன்டா."

யாரும் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு வியர்த்துவிட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அவனும் உட்கார்ந்தான்.

பல்லக்கா ஊசியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, எங்க டாக்டர்கிட்ட ஓசியில கட்டிடலாம், அழாத என்றாள். பிறகு இவன் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவ உன் கை யார் மேலயாவது பட்டுச்சு, பாட்டும் கிடையாது, மேடையும் கிடையாது. இங்க மட்டும் இல்ல. தெருவுல, கடையில, வீட்டுல, எங்கயும். புரியுதா?"

"வீட்டுல அடிக்கிறது நான் இல்லக்கா."

"யாரா வேணா இருக்கட்டும். உன் கையப் பத்தித்தான் பேசுறேன்."

நான்கு மாதம். அந்தக் கைக்கு நிற்கக் கற்றுக்கொடுக்க நான்கு மாதம் ஆனது. ஒவ்வொரு நாளும் அவன் ஊசியின் கண்ணையே வெறித்துப் பார்த்துக்கொண்டு, கையை ஓங்கியபடி, இமை மூடுவதற்காகக் காத்திருப்பான். ஊசி வேண்டுமென்றே ஒரு நிமிடம் மூடாமல் நிற்பான். பல் போனவனுக்கு அந்த உரிமை உண்டு. சம்மட்டியின் கை ஓங்கியபடியே நிற்கும், இறங்காது. ஒரு நாள் தண்ணீர் குடிக்கிற இடத்தில் என்னிடம் சொன்னான்.

"தகரம், அவன் கண்ண மூடுறதப் பாக்கவே முடியல. அவன் பல்ல ஒடச்சவன் நான். எந்த தைரியத்துல என் முன்னால மூடுறான்?"

என் பட்டப்பெயர் தகரம். எனக்கு அழுகை வந்தது, திட்டிவிட்டு எழுந்து போனேன்.

கடையில் அடி நிற்கவில்லை, கூடியது. பாட்டுப் பாடப் போகிறான் என்று தெரிந்ததும் முதலாளி காற்றடிக்கும் ரப்பர் குழாயை எடுத்தார். முதுகெல்லாம் பட்டை பட்டையாக வீங்கி வருவான், சட்டையைக் கழற்றமாட்டான். அந்த வீக்கத்தோடு தரையில் விழுந்து பாடுவான். எங்களுக்கெல்லாம் அப்போது ஒரே பயம். இவனுக்கு வயது இருபது, உடம்பு இரும்பு. என்றைக்காவது அந்தக் கை தகப்பன் பக்கம் திரும்பினால் ஒரே அடிதான், கொலை விழும். பல்லக்கா சொன்னது மேடைக்கு மட்டும் சொன்னதல்ல என்று எங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு. பள்ளிக்கூட ஹால், இரும்பு மடக்கு நாற்காலிகள், ஒன்றுகூடக் காலியில்லை. நாலாவது வரிசை ஓரத்தில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். தைக்கக் கொடுத்த துணியை வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாராம். மடியில் பை, பை மேல் அந்தத் திரும்பாத கை.

அடிதடிக் காட்சி வந்தது. மணி அடித்தது. இரண்டு ஷிப்டும் பாடிக்கொண்டே மோதின. முதல் எட்டு, இரண்டாவது எட்டு. ஊசி கண்ணை மூடினான். சம்மட்டியின் கை பறந்தது. என் குச்சி இறங்கியது. ஹாலில் ஒரு பெண் 'ஐயோ' என்றாள். நான்காவது எட்டில் ஹால் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றதைப் பார்த்தேன். கிரீஸ் கறை படிந்த சட்டை. கடையில் மகன் இல்லை, வீட்டில் மனைவி இல்லை, எவனோ வழி சொல்லியிருக்கிறான்.

ஐந்தாவது எட்டு. இப்போது வாங்க வேண்டியவன் சம்மட்டி. கண்ணை அழகாக மூடித் திறந்தான். ஊசியின் குச்சிக் கை அவன் முகத்துக்கு முன்னால் வீசியது. நான் அடித்தேன். சம்மட்டி, தொண்ணூறு கிலோ சம்மட்டி, மரம் சாய்வதுபோல விழுந்தான். ஹால் கைதட்டியது.

அவன் அப்பா பக்கவாட்டுப் படியில் ஏறி மேடைக்கு வந்தார்.

"எந்திரிடா! இந்தக் கொசுப்பய அடிச்சா விழுற? என் பேரக் கெடுக்கவே பொறந்தியா? எந்திரிச்சுத் திருப்பி அடிடா!"

நிஜச் சண்டை என்று நினைத்தாரா, நாடகம் என்று தெரிந்தும் பொறுக்கவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊர் பார்க்க மகன் விழுந்து கிடந்தான், அவருக்கு அது போதும். மகனின் காலரைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்துக் கன்னத்தில் அறைந்தார்.

நான் செய்த காரியத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் கை இறங்கியபோது என் குச்சியும் இறங்கியது. நான்கு மாதப் பழக்கம். கை வந்தால் குச்சி வரும், அதற்கு என் அனுமதி தேவையில்லை. 'டம்' என்று கச்சிதமாக விழுந்தது. ஹால் கொல்லென்று சிரித்துக் கைதட்டியது. நாடகத்தில் ரவுடியின் அப்பனும் வருகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்களும் திகைத்தார்கள், ஆனால் டிரம் ஓடினால் ஆட்டம் ஓடுகிறது என்றுதான் எங்கள் அர்த்தம். பாடிக்கொண்டே இருந்தார்கள். திரைக்குப் பின்னால் நின்ற பல்லக்காவுக்கு முதுகுகள்தான் தெரியும். அடுத்து விலாவில் ஒரு உதை. டம். முகத்தில் ஒரு குத்து. டம். இடது கண் என் எதிரிலேயே வீங்கி மூடியது. மூன்று அடி, மூன்றுக்கும் நான் முழக்கம் போட்டேன்.

சம்மட்டி எழுந்தான்.

எழுந்த விதம் எனக்குத் தெரிந்ததுதான். கிளீனரை அடித்தபோது பார்த்தேனே, அதே நிதானம். வலது கை மேலே போனது. தகப்பனைவிட ஒரு தலை உயரம் அவன். முடிந்தது, இன்றைக்குக் கொலைதான் என்று நினைத்தேன்.

கை மேலேயே நின்றது. அவன் ஒற்றைக் கண்ணால் அப்பாவின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. அவன் காத்துக்கொண்டிருந்தான். இமை மூடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான், மடையன்! நான்கு மாதம் அப்படித்தானே நின்றான்? என் கால் தரையில் தானாக எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "அடிடா! ஆம்பளன்னா அடிடா!" என்று அவர் கத்தினார். கண் மட்டும் மூடவில்லை. யார் முன்னாலும் அவர் கண்ணை மூடியவரில்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.

சம்மட்டியின் கை அடிக்காமலே கீழே இறங்கியது. அவர் மறுபடி குத்தினார். உதடு கிழிந்து வெள்ளைச் சீருடைச் சட்டையில் ரத்தம் தெறித்தது.

"நிறுத்து!"

நான்கு மாதத்துக்கு முன் ஊசி அவனைப் பார்த்துக் கத்திய சொல். அவன் வாயிலிருந்து அதை நான் கேட்டது அன்றுதான். என் குச்சி நின்றது. பாட்டு நின்றது. காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், எல்லோரும் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். சம்மட்டியும் உட்கார்ந்தான்.

ஹாலில் பின்வரிசையில் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான், அவனும் நிறுத்தினான். மேடையில் அந்த மனிதர் மட்டும் நின்றார். ஓங்கிய கையோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் கை உயரத்தில் அடிப்பதற்கு ஒரு முகம்கூட இல்லை. குனிந்து அடிக்க வேண்டும், அறுநூறு பேர் பார்க்க. நாலாவது வரிசையில் மனைவியைப் பார்த்தார். சம்மட்டியின் அம்மாவும் உட்கார்ந்துதான் இருந்தார், பார்வையை எடுக்கவில்லை. பிறகு முதலாளி படியிறங்கி, வழியிலிருந்த ஒரு நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனார்.

பல்லக்கா தண்ணீரோடு ஓடிவந்து அவன் விலாவைத் தொட்டுப் பார்த்தாள். "முடியுமா?" என்றாள். அவன் தலையாட்டினான். ஹாலைப் பார்த்து, "அஞ்சாவது எட்டுலேர்ந்து மறுபடியும்" என்றாள், ஒத்திகையில் சொல்வதுபோலவே.

ஊசி கையை ஓங்கினான். சம்மட்டியின் ஒரு கண் ஏற்கெனவே மூடியிருந்ததால் இன்னொன்றுக்காகக் காத்திருந்தான். அதுவும் மூடித் திறந்தது. சம்மட்டி விழுந்தான், படுத்துக்கொண்டு பாடினான். உதடு வீங்கி ஒட்டாமல் பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் கடைசி வரி வரை பாடினான்.

முடிந்த பிறகு நான் அவனிடம் போய் அழுதேன். "மூணு அடி நானும் அடிச்சேன்டா."

"சத்தம் உன்னுது, அடி அவரோடது. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காத" என்றான். ஐஸ்கட்டியை உதட்டில் வைத்துக்கொண்டு, "ஆனா நல்லாத்தான் வாசிச்ச" என்று வேறு சொன்னான். அப்போதும் அவனைத் திட்டினேன்.

அன்று வீட்டுக்குப் போகாதே என்று அத்தனை பேரும் சொன்னோம். அம்மா போறாங்களே என்று சொல்லிவிட்டுப் போனான். இன்று அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. இன்னொருவர் டயர் கடையில் வேலை. அங்கே யாரையும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறான். அந்த நாடகத்தை அவனை வைத்துப் பதினாலு முறை போட்டோம், ஊசி மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. அம்மாவும் அவனும் அச்சகத்துக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறார்கள். அந்த ஞாயிறு சாயங்காலம் வீட்டில் நடந்ததை அவன் என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னான்.

"உள்ள நொழையிறப்பவே பாத்திரம் பறந்துச்சு. அம்மாவ அடிக்கக் கைய ஓங்குனாரு. கதவு பக்கத்துல லீவர் கெடந்துச்சு, எடுத்துட்டேன். சத்தியமா சொல்றேன் தகரம், அப்ப யார் கண்ணையும் நான் பாக்கல. அவர் மண்டையத்தான் பாத்தேன்."

"அப்புறம்?"

"அம்மா 'நிறுத்து'ன்னாங்க. அவரையா, என்னையான்னு தெரியல. சொல்லிட்டு அந்த ஓட்டை ஒடசலுக்கு நடுவுல தரையில உக்காந்துட்டாங்க. சட்டம்னா சட்டந்தானே. நானும் லீவரக் கீழ வச்சிட்டு உக்காந்தேன்."

"அவரு?"

"நின்னாரு. அம்மா ரொம்ப நேரம் கழிச்சு எந்திரிச்சுப் பையத் தூக்குனாங்க. நானும் எந்திரிச்சேன். தெருவுக்கு வந்து திரும்பிப் பாத்தேன். அப்பவும் நின்னுகிட்டுதான் இருந்தாரு."